மூடாமல் வைத்திருந்த மஞ்சள் டப்பா

தம்பி,

பீரோ மேல் இருந்த மஞ்சள் டப்பாவை இன்று காலை இறக்கினேன். மூடியைத் தூக்கியதும் ரப்பர் கையுறை வாசனை குப்பென்று அடித்தது. அந்த வாசனைதான் எனக்கு இப்போது நீ.

உன் புற்றுநோய்க்கு மாத்திரை எழுதித் தந்தபோதே ஆஸ்பத்திரியில் இந்த டப்பாவையும் தந்தார்கள். காலி மாத்திரை அட்டை, உனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தபின் நான் கழற்றும் கையுறை, மீந்த மாத்திரை எல்லாம் இதற்குள்தான். குப்பையில் போட்டால் அடுத்தவருக்கு ஆபத்து என்றார்கள். நிரம்பியதும் மூடியை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், பிறகு திறக்காது. திருப்பிக் கொடுத்தால் புதியது தருவார்கள்.

ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவன் அல்லவா நீ? "தள்ளி உக்காருங்கம்மா, இன்னும் ஒருத்தர் ஏறலாம்" என்று அட்டைகளைத் திணிப்பாய். ஆயுத பூசையன்று உன் ஆட்டோவுக்குப் பொட்டு வைத்த கையோடு, டப்பாவின் அபாயக் குறி மேலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன்.

"இன்னாக்கா, விஷத்துக்கே பூச போட்டுக்கினு இருக்கிற!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"போடா, உன்னக் காப்பாத்தப் போறது அதுதான்" என்றேன். காப்பாற்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீ போனபோது கடைசி டப்பா பாதிதான் நிரம்பியிருந்தது. மீந்த மாத்திரைகளைப் போட்டேன். மூடியை மட்டும் அழுத்தவில்லை. அது திறந்திருக்கும்வரை வைத்தியம் நடக்கிறது என்று ஓர் அற்ப ஆசை. பைத்தியக்காரி என்று திட்டிக்கொள். நேற்று பக்கத்து வீட்டுப் பாப்பா ஸ்டூல் மேல் ஏறி அதை எட்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளைத் தூக்கி இறக்கினேன்.

இன்று மூடியை அழுத்தினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு புது நர்ஸ். டப்பாவை வாங்கிக்கொண்டு, வழக்கப்படி புதியதை நீட்டினாள்.

"இந்தாம்மா. ரொம்ப நெறையறதுக்குள்ள எடுத்துக்கினு வந்துடுங்க."

வாங்கிக்கொண்டேன். வாசல்வரை நடந்தும்விட்டேன். நீ இல்லை என்பதை இதுவரை நான் வாயால் சொன்னதேயில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மற்றவர்கள்தான் பதில் சொன்னார்கள். திரும்பிப் போனேன்.

"இது வேணாம்மா. என் தம்பி செத்துட்டான்."

அவள் டப்பாவை வாங்கி அடுக்கில் வைத்தாள்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு முடிந்ததும் உன் மாத்திரையை எடுக்க இந்தக் கை தானாக நீண்டது, தம்பி. இந்தக் கையை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன்?

அக்கா