கொட்டு இல்லாத காதுகுத்து

மேலூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள தமிழ்வாணி அப்பாவுக்கு,

பாண்டீஸ்வரி எழுதுவது. நானும் பாப்பாவும் நல்ல சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? இதைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் குவைத்துக்குத் திரும்பும் காசிமாயன் அண்ணனிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நம் பிள்ளைக்குக் காது குத்தியாகிவிட்டது. இரண்டு காதும்!

போன வருஷம் நீங்கள் லீவில் வந்து நடத்தி, குத்தாமலே முடிந்த காதுகுத்தை நான் மறக்கவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தும், மிக்ஸி சத்தத்துக்கே காதைப் பொத்துகிற பிள்ளைக்கு உருமி, வேட்டு, ரேடியோ செட் எல்லாம் வைத்தோமே, நமக்குப் புத்தி எங்கே போனது? அலறிக்கொண்டு ஓடினாள். பிடிக்கப் போன உங்கள் கையைக் கடித்தாள். பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று உங்கள் அண்ணன் என்னைத்தான் ஏசினார். நீங்கள் பத்து நாள் லீவு மிச்சமிருக்கும்போதே விமானம் ஏறிவிட்டீர்கள்.

இந்தத் தடவை கொட்டே வேண்டாம் என்றேன். உங்கள் அண்ணன் குதித்தார். “எழவு வீட்டுலகூட கொட்டு உண்டேம்மா!” என்றார். “அப்படின்னா நீங்க வரவே வேணாம்” என்று அவரிடம் சொல்லிவிட்டேன். என் வாயா அது என்று எனக்கே ஆச்சரியம்.

பாப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் சொன்னபடி, என் தம்பி முத்துப்பாண்டி இரண்டு மாதம் ஞாயிறுதோறும் வந்தான். அதே நீலச் சட்டை, அதே பிளாஸ்டிக் நாற்காலி. கூப்பிட மாட்டான், தொட மாட்டான், சும்மா உட்கார்ந்திருப்பான். முதல் மூன்று வாரம் அவள் அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. நாலாவது வாரம் அவன் மடியில் உட்கார்ந்து மூன்று வரை எண்ணினாள். பிறகு ஐந்து, பிறகு பத்து. ஆசாரியும் இரண்டு தடவை வந்து வெறும் விரலால் காதைத் தொட்டுவிட்டுப் போனார்.

காதுகுத்து அன்றைக்குக் கோயிலுக்கு முதலில் வந்து நின்றது யார் தெரியுமா? உங்கள் அண்ணன்தான்! வாசலிலேயே நின்று எல்லாருடைய போனையும் அணைக்க வைத்தார். “இருமுறவன் அங்கிட்டுப் போயி இருமிட்டு வாங்கடா” என்று விரட்டினார். தாய்மாமன் பட்டு வேட்டிக்கு மேல் பழைய நீலச் சட்டையோடு உட்கார்ந்தான். பாப்பா மடியேறி எண்ணினாள். பத்தில் ஊசி இறங்கியது. உதடு துடித்தது, கண்ணீர் கொட்டியது. போச்சு, ஓடப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். தானாகவே தலையைத் திருப்பி மற்றக் காதையும் ஆசாரியிடம் நீட்டினாள்.

கை தட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நூற்றிருபது பேரும் கையை மட்டும் தூக்கி ஆட்டினார்கள். உங்கள் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தீபாவளி லீவை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்தீர்களாமே? காசிமாயன் அண்ணன் சொன்னார். எனக்குக் கோபமில்லை. அவள் உங்களைக் கடிக்கவில்லைங்க, அந்தச் சத்தத்தைத்தான் கடித்தாள்.

பொங்கலுக்காவது வாருங்கள். வந்ததும் தூக்க வேண்டாம். நாற்காலியில் உட்காருங்கள், அது போதும். பத்து எண்ணுகிற நாள் தானாக வரும்.

இதோடு ஒரு நீலச் சட்டை வைத்திருக்கிறேன். உங்கள் அளவுதான். போட்டுக்கொண்டு வாருங்கள்.

உங்கள் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்,
பாண்டீஸ்வரி