நான் பார்க்காத உன் ஆட்டம்

என் உயிர் மச்சானுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு நடந்த சேதி ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உன் மகள் யாழினியைக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் எடுத்துவிட்டார்கள். அதுவும் நீ ஆடிய அதே கார்டு இடம். பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களை ஆடவைக்கிற வேலை. என் தங்கை கலாவுக்கு வாயெல்லாம் பல். போன வாரம் வலங்கைமான் வீட்டுக்குப் போயிருந்தேன். யாழினி காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, அப்பா எப்படி ஆடுவாரு? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே விட்டுட்டாரு. ஒரு வீடியோகூட இல்ல. நீங்கதான் சொல்லணும்."

எனக்கா பேச்சுக்குப் பஞ்சம்? ஆரம்பித்துவிட்டேன். ஆட்டத்துக்காகவே நமக்கு வேலை கொடுத்த பேங்க், அதன் அணிக்காக ஊர் ஊராகப் போனது, தஞ்சாவூர் இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிஷம் நான் போட்ட கூடை, கோயம்புத்தூரில் ஜனங்கள் என்னைத் தோளில் தூக்கியது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"இதெல்லாம் நீங்க ஆடினது மாமா. அப்பா என்ன பண்ணாரு?"

"பந்து குடுத்தாரும்மா."

"எப்படிக் குடுத்தாரு?"

எனக்குத் தெரியவில்லை மச்சான். "திரும்பிப் பாக்காத, ஓடு. பந்து வரும்" என்பாய். ஓடினேன், வந்தது. கூடையில் போட்டுவிட்டுக் கைதட்டல் வந்த பக்கம் திரும்பினேன். இத்தனை வருஷம் ஒன்றாக ஆடியும், நீ ஆடி நான் பார்த்ததே இல்லை என்பது அந்தப் பெண் கேட்ட பிறகுதான் உறைத்தது. என்ன மனுஷன் நான்?

மறுநாளே கும்பகோணம் போனேன். எதிரணியில் எப்போதும் உன்னையே மறித்து நிற்பாரே, ஹபீப் பாய், அவர் அங்கே பாத்திரக்கடை வைத்திருக்கிறார். உன் பேரைச் சொன்னதும் கல்லாவை விட்டு எழுந்து, கடைக்குள்ளேயே குனிந்து நின்று காட்டினார்.

"தோளு இடது பக்கம் சாயும், கண்ணும் அங்கயே போகும். நான் நம்பிப் போவேன். பந்து வலது பக்கம் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஏமாந்தேன். கடைசில முழங்கால் வீங்கி ஓட முடியல பாருங்க, அப்பவும் நின்ன இடத்துலேர்ந்தே எங்க எல்லாரையும் ஓடவிட்டாரு."

உன் முழங்கால் வீங்கியதை எதிரணிக்காரர் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன்.

பிறகு அவர் சிரித்தார். "பந்து கையை விட்டுப் போனதும் நாங்கெல்லாம் கூடையப் பாப்போம். அவரு உங்களையே பாத்துட்டு நிப்பாரு. உள்ள விழுந்ததும் ஒரு சிரிப்பு. நீங்க பாத்திருப்பீங்களே?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நான் ஒரு தடவையாவது திரும்புவேன் என்று நினைத்திருந்தாயா மச்சான்?

ஞாயிற்றுக்கிழமை பாயை வலங்கைமானுக்கு அழைத்துப் போகிறேன். உன் ஆட்டத்தை அவர் சொல்லட்டும், யாழினி கேட்கட்டும். நான் தலையாட்டியது பொய் என்றும் அவள் முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுகிறேன். அவளுடைய முதல் ஆட்டத்துக்கும் போவேன். பந்து அவள் கையை விட்டுப் போன பிறகும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இது சத்தியம்.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
செல்வம்