நாற்பது நிமிடம்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

நலம்தானே? இங்கே பல் செட் வேலை மலையாகக் குவிந்திருக்கிறது, நகக்கண்ணெல்லாம் பிளாஸ்டர்.

செஸ் லீக் பட்டியல் பார்த்தாயா? கடைசிச் சுற்றில், மூன்றாம் போர்டில் உனக்கு எதிரே நான். உனக்கு வெள்ளை. தோற்றால் உங்கள் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடுமாமே! எங்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். உடம்பு சரியில்லை என்று கேப்டனிடம் சொல்லிவிடட்டுமா?

அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

உனக்கு ஒரு காய்ச்சலும் வராது, வந்து உட்கார்.

சின்ன வயதில் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தேனே, அப்போது உன்னிடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்குக் குணமாகி இருபது வருடம் ஆகிறது.

நாம் கண்டுபிடித்த குதிரைத் தொடக்கத்தைத்தான் ஆடப்போகிறேன். அதை வைத்து லீக்கில் ஒன்பது முறை ஜெயித்திருக்கிறேன். நீ விட்டுக்கொடுத்தது தெரிந்தால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

தம்பி

மார்ச் 16

அன்புள்ள வாலுக்கு,

ஆட்டம் முடிந்து மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நீ குதிரையைப் பலி கொடுத்ததும் நாற்பது நிமிடம் யோசித்தேனே, பதில் தேடியதாக நினைத்திருப்பாய். பதில் எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். குதிரையை வெட்டிய ராஜா பின்வாங்காமல் முன்னால் நடந்தால் போதும், உன் தாக்குதல் புஸ்ஸென்று போய்விடும். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் சொல்லாமலே இருந்துவிட்டேன். அன்றைக்கும் ராஜாவைத் தொட மனம் வரவில்லை. உன் கடிதத்தை நினைத்துத்தான் நகர்த்தினேன்.

உங்கள் அணி இறங்கியது என்னால்தான். திட்டியாவது எழுது.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

பத்து வருடம் வாயைத் திறக்கவில்லையே, கல்நெஞ்சக்காரி!

எங்கள் கேப்டன் முகம் கொடுத்தே பேசுவதில்லை. நேற்றுதான், "உங்க அக்காதானே? கொஞ்சம் பார்த்து ஆடச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். "பார்த்துதான் சார் ஆடினாங்க" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. லிப்ட் பழுது பார்க்கப் போன இடத்திலெல்லாம் உன் ராஜாவை மடக்க வழி தேடிக்கொண்டிருந்தேன். வழியே இல்லை. நம் தொடக்கம் செத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வேறொன்று கண்டுபிடிப்போம். அதில் ஓட்டை கண்ணில் பட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், சாப்பிடாமல் எழுந்து போவேன். ஆனாலும் சொல்.

தம்பி