நறுங்கோதை கட்டிய கட்டணம்

வளம் பெருகுக, மழை பொய்யாதிருக்க. வெண்கோட்டு நாட்டையும் அதன் ஏழு துறைகளையும் நானூறு உப்பளங்களையும் ஒரு குடைக்கீழ்க் காத்துவரும் அவனிநாயகி தேவியாராகிய நாம், நம் கல்விக்கொடை அமைச்சரும், மூன்று அரசர்க்கு முத்திரை இட்டுத் தேய்ந்த மோதிரத்தை உடையவருமான வில்லவதரையனார்க்கு விடுக்கும் ஓலை. நீர் நலமே இருக்க. உம் அலுவலகம் நலமே இருக்கும். உழைப்பு அதை ஒருநாளும் வருத்தியதாக நாம் கேள்வியுற்றதில்லை.

நம் ஆதுலர்சாலையில் முறிந்த எலும்புக்குக் கட்டுப்போடும் நறுங்கோதையை நீர் மறந்திருக்கக்கூடும். உப்பின் வெண்மையும் வெயிலும் தாக்கி நாற்பது வயதிலேயே கண்புரை விழுந்து தடுமாறும் அளத்துக் குடிகளைக் கண்டு பொறாமல், புரை நீக்கும் வித்தையைக் கற்றுவரப் பவழத்தீவுக் கல்விக்கழகத்துக்கு ஆறு திங்கள் செல்ல வேண்டுமென்று விண்ணப்பித்தவள் அவள். கழகம் இடம் தந்தது. கட்டணம் நூற்றிருபது பொன். அதைக் கொடுப்பதற்கென்று நம் பாட்டனார் வைத்த அறக்கட்டளை உண்டு. கொடுக்காமல் காப்பதற்கென்று உம் அலுவலகம் உண்டு.

அங்கே கற்பிக்கும் பாடம் இங்குள்ள பாடத்துக்கு ஒப்பானது என்று சான்று கொண்டுவருமாறு உம் ஓலைக்கணக்கர் சாத்தங்குமரனார் முதலில் பணித்தார். இப்பாடம் இங்கே எவரும் அறியாதது என்று ஆதுலர்சாலைத் தலைவர் எழுதிக் கொடுத்தார். அறியாத பாடம் நம் பாடமுறைக்கு ஒவ்வாது என்று கணக்கர் மறுத்தார். ஒப்பாக இருந்திருந்தாலோ, இங்கேயே படிக்கலாமே என்று மறுத்திருப்பார். இத்தகைய நுண்ணறிவு நம் நாட்டில் பிறந்தது நாம் செய்த தவம். தலைவரே நேரில் வந்து வாயிலில் மூன்று நாள் அமர்ந்த பின்னர்தான் அந்தச் சான்று வேண்டாமென்று ஆயிற்று.

பின்னர் பொன். அங்கே நடந்த பேச்சை ஆதுலர்சாலைத் தலைவர் உடனிருந்து கேட்டிருக்கிறார். அவர் சொன்னபடியே எழுதுவிக்கிறோம்.

“சேந்த சீட்டக் கொண்டாம்மா. அப்புறந்தான் பொன்னு குடுப்போம்” என்றாராம் கணக்கர்.

“பொன்னு கட்டாமச் சேத்துக்க மாட்டாங்களே ஐயா?”

“அது அவங்க ஊரு வழக்கம். இது நம்ம ஊரு வழக்கம்.”

காற்றோ எவருடைய வழக்கத்துக்கும் நிற்பதில்லை. அந்தப் பருவத்தின் கடைசி மரக்கலம் பாய் விரித்தபோது, மாலுமிகளின் எலும்புக்குக் காவலாக, கூலிக்குப் பதில் பயணம் என்ற பேச்சில் நறுங்கோதை அதில் ஏறினாள். பதினேழு நாள் கடலில் இரண்டு விலா எலும்பும் ஒரு கணுக்காலும் கட்டினாளாம். அறக்கட்டளையின் துணையின்றியே கடல் கடக்கலாம் என்று நம் குடிகளுக்குக் கற்பித்தமைக்கு உமக்கு நன்றி.

கழகத்தின் வாயிலில் கட்டணம் கேட்டார்கள். பொன் இல்லை, காலையில் எலும்பு கட்டக் கற்பிக்கிறேன், மாலையில் கண் வித்தை கற்றுத் தாருங்கள் என்று அவள் கேட்டாள். பேராசான் சுமேதர் நகைத்து, தம் வலக்கையை நீட்டி, இதற்கு என்ன செய்வாய் என்றார். இளமையில் முறிந்து, கோணலாக ஒட்டி, ஊசி பிடிக்கவே வலிக்கும் மணிக்கட்டு அது. அவள் தடவிப் பார்த்துவிட்டு, இதை மறுபடியும் முறித்துத்தான் நேராக்க வேண்டும் என்றாள். மறுநாள் காலையில் சுமேதர், தம் மாணாக்கர் அனைவரையும் சூழ நிறுத்தி, அக்கையை அவள் மடியில் வைத்தார். கட்டணம் கேட்ட கையையே முறித்துக் கட்டணம் செலுத்திய மாணாக்கி, உலகில் இவள் ஒருத்தியே என்று எண்ணுகிறோம். இவை எல்லாம், நேரான அந்தக் கையாலேயே சுமேதர் நமக்கு எழுதியவை. அவளைத் தம் கழகத்திலேயே ஆசிரியையாக வைத்துக்கொள்ள இசைவும் கேட்டிருக்கிறார்.

அவர் ஓலை வந்த அதே கிழமையில் உம் ஆண்டுக் கணக்கும் வந்தது. நறுங்கோதையின் கட்டணம் நூற்றிருபது பொன் செலுத்தப்பட்டது என்று அதில் கண்டோம். கழகம் தந்த சீட்டும் இணைக்கப்பட்டிருந்தது. தம் தீவின் பெயரை ஒற்று விட்டுப் ‘பவழதீவு’ என்று எழுதும் கழகத்தில் நம் பெண் என்ன கற்பாளோ என்று சற்றுக் கவலையுற்றோம். அடியில் உம் முத்திரை இருந்தது.

உம்மைப் பதவி நீக்கும் ஓலையை அன்றே எழுதினோம். அனுப்பாமைக்குக் காரணம், சுமேதர் ஓலையோடு அதே கலத்தில் வந்த நறுங்கோதையின் கடிதம். அவள் சொற்கள் இவை: “எனக்காக அமைச்சர் ஐயாவக் கோவிச்சுக்காதீங்க தாயே. கெஞ்சிப் பாக்கலாம்னு அவருகிட்டப் போனேன். ‘உக்காரு தம்பி’ன்னாரு. நான் சேலையில நின்னேன். அவரு கண்ணு ரெண்டுலயும் புரை முத்திப்போச்சு. கணக்கர் எதப் படிச்சுக் காட்டுறாரோ அதுக்குத்தான் முத்திரை வைக்கிறாரு. வெளிய சொல்ல வெக்கம் போல. ஊசியால புரை எடுக்க இப்ப எனக்குக் கை வந்துருச்சு. இங்க இருக்கச் சொல்றாங்க, மாட்டேன்னுட்டேன். வந்ததும் மொதல்ல அவரப் பாக்கணும்.”

வில்லவதரையனாரே, பார்வை மங்கியது குற்றமன்று. மறைத்தது குற்றம். நம்மிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாமும் உம் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்திருக்கலாம்.

ஆகவே இந்த ஓலையையும் சாத்தங்குமரனார்தான் உமக்குப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதை அறிவோம். அவர் குரல் சிறிது நேரமாகத் தடுமாறியிருந்தால் பொறுத்தருள்க. தொண்டைக்கு நல்ல வெந்நீர் கொடுக்கலாம். எதையேனும் விட்டுப் படித்திருப்பாரோ என்ற அச்சமும் வேண்டாம். ஓலை கொணர்ந்த நம் காவற்படைத் தலைவி மாறவல்லி இதை எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்து வாயிலில் நிற்கிறாள். விட்டதை அவள் சொல்லுவாள்.

நம் ஆணை இது. இனிக் கல்விக்கொடைப் பொன், கலம் ஏறுமுன் மாணாக்கர் கையிலேயே கொடுக்கப்படுக. நறுங்கோதையின் கலம் கரை சேரும்வரை உம் மோதிரம் நம்மிடம் இருக்கும். கழற்றி மாறவல்லியிடம் தருக. கலம் வந்த மூன்றாம் நாள், ஆதுலர்சாலையில் அவள் எதிரே நீர் முதல் ஆளாக அமர்க. அஞ்ச வேண்டாம், அவள் கை நடுங்காது. கண் தெளிந்த பின், கடந்த இரண்டாண்டில் உம் முத்திரை விழுந்த ஓலைகளை எல்லாம் நீரே படித்துப் பார்த்து, பதவியில் இருப்பதா விலகுவதா என்பதை நமக்கு உம் கையாலேயே எழுதுக.

நம் ஆட்சியின் பதினோராம் ஆண்டு, பங்குனித் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், துறைமுக அரண்மனையில் நம் கைம்முத்திரை இட்டோம். நிலமும் நீரும் இதற்குச் சான்று.

சாத்தங்குமரனாரே, நன்றாகப் படித்தீர். ஓலையைக் கீழே வைத்துவிட்டு, நூற்றிருபது பொன்னோடு மாறவல்லியின் பின்னே நடப்பீராக.