சிவப்புச் சேலையில் தைத்த அங்கி

என்னங்க,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி அனுப்புகிறேன்.

பள்ளி மாறுவேடப் போட்டிக்காக, என் சிவப்புச் சேலையை வெட்டி சுடர்விழிக்குத் தலையை மூடும் தொப்பியோடு அங்கி தைத்தேன். போட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள்.

பின்னால் டிராக்டர் ஹாரன் அடித்தபடி வந்தது. அவள் திரும்பவே இல்லை. ஓடிப்போய் இழுத்தேன்.

"புள்ளைக்கு காது கேக்காதாம்மா?" என்று டிரைவர் கத்தினார்.

"தொப்பி மறைச்சிருச்சுண்ணே."

வீட்டில் தொப்பியைக் கழற்றிவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். தட்டைக் கீழே போட்டேன். அவள் அங்கியின் நாடாவை முடிந்துகொண்டே இருந்தாள்.

நாளை தஞ்சாவூரில் டாக்டரைப் பார்க்கிறோம். பயமாக இருக்கிறது. "அப்பா வீடியோவுல வந்தாத்தான் பேசுவேன்" என்று அவள் அடம்பிடித்ததெல்லாம் உங்கள் உதடுகளைப் பார்க்கத்தானா?

உங்கள் மனைவி