சைக்கிள் கொட்டகைக் கூரையும் உன் மாடியறையும்

அன்பு மகள் இலின்காவுக்கு அப்பா எழுதுவது. இடது கட்டைவிரல் தவிர நான் நலம். லிஸ்பனில் நீ வேளைக்குச் சாப்பிடுவதாக நம்புகிறேன், நம்பிக்கை குறைவுதான்.

நம் கட்டடத்து மேல்மாடி அறை காலியாகிறது, படிப்பு முடிந்து நீ ஓடென்ஸ் திரும்பும்போது அது உனக்கு வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டிருந்தேன். எல்லோரும் கூடிச் செய்யும் பொதுவேலை நாளில் மதியச் சாப்பாட்டோடு வாக்கெடுப்பு. வேலை, சைக்கிள் கொட்டகைக்குப் புதுக் கூரை. மூன்று வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு ருமேனியாவிலிருந்து டென்மார்க் வந்தவன், பதினெட்டு வருஷமாகியும் புத்தி வரவில்லை பார், நல்ல பெயர் வாங்கலாமென்று முந்தின நாளே லீவு போட்டுத் தனியாளாக முழுக் கூரையையும் முடித்துவிட்டேன். ஐந்து டிகிரி சரிவு, சொட்டு ஒழுகாது.

சனிக்கிழமை காலை கையுறையும் பீர்ப் பெட்டியுமாக எல்லோரும் இறங்கி வந்து சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். பஸ் ஓட்டும் பிரெபென், "என்னப்பா டோரின், எங்களுக்கெல்லாம் கையில்லையா?" என்றான். சங்கத் தலைவி, நம் நீதிபதி பியர்தே, "நான் புதுசா சுத்தியல் வாங்கினேனே" என்று மட்டும் சொன்னார், அழாத குறை. உன் அறை போயிற்று என்றே நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, பாதியைக் கழற்றி மறுபடி போடலாமா என்று நானே கேட்டேன். அடடா, அந்த முகங்களில் வந்த வெளிச்சம்! பிரெபென்தான் மேஸ்திரி. "பியர்தே, ஏணிய ஆட்டாதம்மா, இது கோர்ட் இல்ல" என்று அதட்டுகிறான், நீதிபதி "சரிப்பா" என்கிறார். நான் ஆணி பிடித்தேன், அவர் அடித்தார். விரல் கதை அதுதான். சரிவு இப்போது சுவர்ப் பக்கம் சாய்கிறது. படித்த படிப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

ரொட்டியும் ஹெரிங் மீனும் சாப்பிட்ட கையோடு எல்லாக் கையும் உயர்ந்தது, அறை உனக்கு. உனக்குச் சுத்தியல் பிடிக்க வருமா என்று பியர்தே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பிரெபென், "வராட்டி ரொம்ப நல்லது, அப்பன மாதிரி இருக்கமாட்டா" என்றான்.

நேற்று மழை. சரியாக என் சைக்கிள் இருக்கைமேல் ஒழுகுகிறது. பிரெபென் அண்ணாந்து பார்த்து, அடுத்த வருஷ வேலை கிடைத்துவிட்டது என்று குஷியாகப் போனான்.

கடவுள் உன்னைக் காக்கட்டும், பரீட்சையை நீ பார்த்துக்கொள். எத்தனை மார்க் என்று இங்கே மாடிப்படியில் சொல்லித் திரியாதே. வந்ததும் கூரையை நிமிர்ந்து பார்க்காதே, பார்த்தால் "நல்லா இருக்கு" என்று சொல். கையுறை கொண்டு வா.

ஈரக் கால்சட்டையோடு,
உன் அப்பா டோரின்