ஒரே தட்டில் இரண்டு இலை

மார்ச் 3, திங்கள்

சகலை இன்று ஆராய்ச்சி நிலையத்தையே கலக்கிவிட்டார். மலை மக்காச்சோளத்தின் செல்லில் உள்ள டி.என்.ஏ., சமவெளி மக்காச்சோளத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாம். ஒரே பயிர், ஒரே இனம், அளவு மட்டும் வேறு. இயக்குநர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எட்டு வருடம் முன்பு அதே இரண்டு ரகங்களையும் அளந்து, ‘வித்தியாசம் இல்லை’ என்று அறிக்கை எழுதியவன் நான். இவரை இங்கே வேலைக்குச் சிபாரிசு செய்தவனும் நான்தான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் மச்சினி இனிப்புப் பெட்டியோடு வந்தாள். “பிரிவுத் தலைவர் பதவி இவருக்குத்தான் போல, மாமா!” அந்த நாற்காலிக்கு ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன். சர்க்கரை வியாதி என்று சொல்லி இனிப்பைத் தள்ளிவைத்தேன். எனக்கு எங்கே சர்க்கரை?

மார்ச் 4

வயிறு எரிகிறது. பொறாமைதான். வேறு என்ன பெயர் வைப்பது?

மார்ச் 7

கண்டுபிடித்துவிட்டேன்! மலை இலையை ஒருநாள் அளந்திருக்கிறார், சமவெளி இலையை இன்னொரு நாள். அளப்பதற்காக டி.என்.ஏ.வில் ஏற்றும் சாயம் ஒருநாள் சரியாகப் பிடிக்காவிட்டாலே போதும், இல்லாத வித்தியாசம் வந்துவிடும். இரண்டு இலைகளையும் ஒரே தட்டில் போட்டு, ஒரே பிளேடால் நறுக்கி, ஒன்றாக அளவுக் கருவிக்குள் விட வேண்டும். திரையில் வரும் வரைபடத்தில் இரண்டு மேடு வந்தால் வித்தியாசம் உண்மை. ஒன்றே வந்தால் எல்லாம் சாயத்தின் வேலை.

மனைவியிடம் சொன்னேன்.

“அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?”

“கேட்டா சொல்றேன்.”

“கேக்க மாட்டார்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் யாராவது இதைக் கேட்கட்டும், திருதிருவென்று முழிக்கட்டும்.

மார்ச் 8, சனி

மனசு கேட்கவில்லை. விடுமுறை நாளில் காலையிலேயே போய், நானே நறுக்கினேன். ஒரு மேடு வா, ஒரே மேடு வா என்று கருவியைக் கெஞ்சினேன்.

இரண்டு.

மறுபடி நறுக்கினேன். இரண்டு. நாலு தடவை. இரண்டு, இரண்டு.

பீரோவிலிருந்து என் பழைய நோட்டை எடுத்தேன். ஐயோ. அன்றைக்கும் இரண்டு மேடு வந்திருக்கிறது. ஒன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் என் கையெழுத்தில்: ‘கருவிக் கோளாறு’. கைக்கு வந்ததை நானே தூக்கி எறிந்திருக்கிறேன். இப்போது யார்மேல் எரிவது?

மார்ச் 10

கூட்டத்தில் இயக்குநர் கேட்டே விட்டார்: “ரெண்டையும் சேர்த்து நறுக்கிப் பார்த்தீங்களா?” சகலையின் முகம் வெளுத்தது. அத்தனை பேர் இருக்க, என்னைத்தான் பார்த்தார். என் சட்டைப் பையில் சனிக்கிழமை எடுத்த நாலு அச்சுப்பிரதிகள். உட்கார்ந்தே இருந்திருக்கலாம். பாழாய்ப்போன கால், எழுந்துவிட்டது. நாலையும் இயக்குநர் முன்னால் வைத்தேன்.

வெளியே வந்ததும் சகலை என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணா, எனக்காகவா லீவு நாள்ல வந்தீங்க?”

“நீங்க மாட்டிக்கணும்னுதான் வந்தேன்.”

விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 14

பதவி அவருக்கு.

அறிக்கையில் சேர்க்க என் பழைய நோட்டைக் கேட்டார். அந்தப் பக்கத்தைக் கிழிக்க இரண்டு முறை கை போனது. கிழிக்காமல் கொடுத்தேன். பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

மறுபடியும் மச்சினி, மறுபடியும் பெட்டி. கை நீட்டினேன்.

“சர்க்கரைன்னு சொன்னீங்களே, மாமா?”

“பொய்தான் சொன்னேன்.”

இரண்டு எடுத்துக்கொண்டேன்.